தட்டார் தெருவில் ஒரு பகல்

குருபோங்கில் பிறந்து குருபோங்கிலேயே தலை நரைத்துவிட்ட என்னைப் போன்றவர்களுக்கு, மலாக்கா நகரம் என்பது அடகு மீட்கவும், ஆஸ்பத்திரியில் மருந்து வாங்கவும், தீபாவளிக்குத் துணி எடுக்கவும் போய்வருகிற இடமாகவே வெகுகாலம் இருந்துவிட்டது. பால்காடுகள் தாமான்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிய பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. காடி எடுத்தால் அரைமணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடக்கூடிய அந்த ஊரைக் காண்பதற்காக நாற்றிசைகளிலிருந்தும் ஜனங்கள் விமானம் ஏறி வருகிறார்களே, அப்படி அங்கே என்னதான் இருக்கிறது என்று ஒருநாள் நின்று பார்க்க எங்களில் பலருக்குத் தோன்றியதே இல்லை.

எனக்குத் தோன்றியது சென்ற ஆண்டில்தான்; அதுவும் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு பையனால். தூரத்து உறவில் எனக்கு மருமகன் முறையாகும் அவன், சிங்கப்பூருக்குப் பஸ் ஏறுமுன் தனக்கு மிஞ்சியிருந்த ஒரே ஒரு பகலை மலாக்காவில் கழிக்க விரும்பினான். உத்தியோக நிமித்தமாக ஐரோப்பாவுக்குப் போயிருந்தபோது, பால்கன் பிரதேசத்திலுள்ள பொஸ்னியாவின் தலைநகரான சரயேவோவிலும் அவன் இவ்விதமே ஒரு நாள் தங்கினானாம். 1531ல் எழுந்த காஸி ஹுஸ்ரவ் பேக் பள்ளிவாசல், கத்தோலிக்கப் பேராலயம், ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் பழைய கோயில், யூதர்களின் பழைய ஜெபாலயம் ஆகிய நான்கும் அங்கே சில நிமிஷ நடைக்குள் அடுத்தடுத்து நிற்பதையும், 1914 ஜூன் 28ந் தேதி ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டு முதல் உலக யுத்தத்துக்குத் திரி வைக்கப்பட்ட பாலத்து முனையையும் கைப்பேசியில் படம் படமாகக் காட்டினான்.

“இந்த மாதிரி ஒரே எடத்துல எல்லாக் கோயிலும் வேற எங்கயும் கெடையாது, மாமா.”

“அப்படியா? காலையிலே ஏழு மணிக்குக் குளிச்சிட்டுத் தயாரா இரு மருமகனே,” என்று மட்டும் சொன்னேன்.

ஒரு பகலில் ஓர் ஊரை முழுதும் பார்த்துவிடலாம் என்பது வீண் ஆசை. சுழன்று மேலேறும் தாமிங் சாரி கோபுரத்தையும், மரக்கப்பல் வடிவில் நிற்கும் கடல் அருங்காட்சியகத்தையும், இன்னும் பெயர் மறந்துபோன பல காட்சிச்சாலைகளையும் ஒரே மூச்சில் சுற்றி வருகிறவர்கள், மாலையில் கால்வலியோடும் டிக்கட் துண்டுகளோடும் திரும்புவதை நான் பார்த்திருக்கிறேன். ஆகையால் அவற்றையெல்லாம் தள்ளிவிட்டோம்.

முதலில் போனது, எல்லோரும் போகிற சிவப்புக் கட்டடச் சதுக்கத்துக்கு. வெயில் ஏறி, விளக்கும் பாட்டுமாகச் சோடித்த திரிஷாக்கள் சூழ்ந்துகொள்வதற்கு முன்னால் போவது உத்தமம். ஏறத்தாழ 1650ல் டச்சுக்காரர்கள் கட்டிய ஸ்டாட்ஹைஸ் மாளிகையும், 1753ல் முடிந்த கிறைஸ்ட் சர்ச்சும் ஒரு காலத்தில் வெள்ளைச் சுவர்களோடு இருந்தவை. செவ்வண்ணம் பிற்காலத்துப் பூச்சு. நடுவிலுள்ள மணிக்கூண்டையும் பலர் டச்சுக்காரர்களின் கைவேலை என்று நினைத்துப் படம் பிடிக்கிறார்கள். அது 1886ல், தான் பெங் சுவீ என்னும் சீனச் செல்வரின் நினைவாக எழுந்தது. கிறைஸ்ட் சர்ச்சினுள் நுழைகிறவர்கள் தலையை அண்ணாந்து உத்திரங்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றும் ஒட்டில்லாமல் ஒரே மரத்தில் அறுத்தது.

அங்கிருந்து செயின்ட் பால் குன்றின் மேல் ஏறினோம். 1521ல் போர்த்துக்கீசியர் கட்டிய அந்தக் கோயிலுக்கு இப்போது கூரை இல்லை, வானமே விதானம். நம் முத்துக்குளித்துறைப் பரதவர்களிடையே ஊழியம் செய்த பிரான்சிஸ் சவேரியார், 1552ல் சீனக் கரையோரத்தில் காலமான பிறகு, அவருடைய சரீரம் கோவாவுக்குக் கொண்டுபோகப்படுமுன் சில மாதகாலம் இந்த இடத்தில்தான் அடக்கமாகி இருந்தது. வாசலில் நிற்கும் அவருடைய சிலைக்கு வலக்கை இல்லை.

குன்றின் மறுபக்கம் இறங்கினால் கோட்டைவாசல். 1511ல் மலாக்காவைப் பிடித்த அல்புகெர்க்கே எழுப்பிய மாபெரும் கோட்டையில் மிஞ்சியது இந்த ஒற்றை வாசல்தான். அதன் நெற்றியிலுள்ள 1670 என்னும் ஆண்டும் பிற்பாடு வந்த டச்சுக்காரர் பொறித்தது. மற்ற மதில்களையெல்லாம் 1807ல் ஆங்கிலேயர் வெடிவைத்துத் தகர்த்தார்கள். அந்தக் காட்சியைப் பற்றி மலாய் பாஷையில் எழுதிவைத்தவர் முன்ஷி அப்துல்லா. கோட்டை தகர்ந்த காலத்தில் அவர் பத்து வயதையொட்டிய மலாக்காச் சிறுவன்; அரபு இரத்தமும் தமிழ் இரத்தமும் கலந்த வம்சம். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம் என்றும், தாமும் அவ்வாறே தமிழ் படித்ததாகவும் அவர் தம் சுயசரிதையில் குறித்திருக்கிறார். தமிழ் இந்த ஊரில் வியாபாரப் பாஷையாக இருந்த காலம் ஒன்று உண்டு என்பதை, பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியில் போடலாமா வேண்டாமா என்று ஆண்டுதோறும் ஜனவரியில் தர்க்கம் பண்ணும் நம் வீடுகளில் யாரும் சொல்லக் கேட்டதில்லை.

பாலத்தைக் கடந்து ஜோங்கர் தெருவுக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று. ஒரு கடையில் செண்டோல் வாங்கிக் கொடுத்தேன். சீவிய பனிக்கட்டியின் மேல் தேங்காய்ப்பாலை ஊற்றி, அதன் தலையில் கூலா மலாக்கா என்னும் தென்னை வெல்லப் பாகை விட்டபோது, கருந்தேன் நிறத்தில் அது வெள்ளைச் சரிவில் கோடு கோடாக வழிந்து, அடியிலுள்ள பச்சை இழைகளுக்குள் போய் மறைந்தது. கலக்காமல் சாப்பிடத் தொடங்கிய பையனைத் தடுத்துக் கலக்கச் சொன்னேன்.

இனித்தான் நான் காட்ட நினைத்தது. ஜோங்கர் தெருவுக்குப் பின்னால், ஒரே நேர்க்கோட்டில் ஓடிக்கொண்டே, சீனக் கோயில் பக்கம் ஜாலான் தோக்கோங் என்றும், நடுவில் தட்டார் தெரு என்று பொருள்படும் ஜாலான் துக்காங் இமாஸ் என்றும், அப்பால் கொல்லர் தெரு என்றும் பெயர் மாறுகிற ஒரு வீதி இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய செங் ஹூன் தெங் சீனக் கோயில் அதில் முதலாவது. கூரை முகட்டில் பீங்கான் துண்டுகளை ஒட்டிப் பூவும் பறவையுமாக இழைத்திருக்கிறார்கள். உள்ளே குவான் யின் தேவிக்கு முன் ஊதுவத்திப் புகை ஓய்வதில்லை. அடுத்து, இந்திய முஸ்லிம் வியாபாரிகள் 1748ல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். குவிமாடம் கிடையாது, அடுக்கடுக்கான சதுரக் கூரையும், சீன பகோடாவைப் போன்ற மினாராவும், உள்ளே ஐரோப்பியத் தூண்களுமாக நிற்கும் அதைப் பார்த்ததும் பையன் கைப்பேசியை எடுக்காமல் சற்று நேரம் பேசாமல் இருந்தான். கிளிங் என்பது கலிங்கத்திலிருந்து வந்த சொல் என்பார்கள். இந்நாளில் நம்மை ஏசுவதற்கு வழங்கும் அச்சொல், இங்கே ஒரு தொழுகைத்தலத்தின் பெயராக மரியாதையோடு நிற்கிறது.

அதே தெருவில் ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில். மலாக்காச் செட்டிகளின் தலைவரான தெய்வநாயகம் செட்டிக்கு டச்சு அரசாங்கம் கொடுத்த நிலத்தில் 1781ல் எழுந்தது. மலாயாவில் இரப்பர் மரத்தை வியாபார நோக்கத்தோடு தான் சே யான் என்னும் சீனர் புக்கிட் லிந்தாங்கில் நட்டதோ 1896ல். பால்மரத்துக்காகத்தான் இந்த மண்ணுக்குத் தமிழன் வந்தான் என்று பெரட்டுக் களத்திலும் லயத்துத் திண்ணையிலும் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தப் பால்மரத்துக்கு 115 ஆண்டு முன்னதாகவே இங்கே பிள்ளையாருக்கு விளக்கேற்றியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் குருபோங்குக்குப் பக்கத்து ஊராகிய செங்கில் சன்னாசிமலை ஆண்டவர் கோயில் உண்டு. மாசி மகத்துக்கு அங்கே வெள்ளி ரதம் வரும். சிறுவயதில் அப்பாவின் தோளிலிருந்து நான் அதைப் பார்த்திருக்கிறேன். அது எங்கிருந்து புறப்பட்டு வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்தத் தட்டார் தெருக் கோயிலிலிருந்துதான்.

பிற்பகல் முழுவதையும் காஜா பெராங்கிலுள்ள கம்போங் செட்டிக்கு ஒதுக்கினோம். போர்த்துக்கீசியர் காலத்துக்கு முன்பே வாணிபத்துக்கு வந்து, இவ்வூர்ப் பெண்களை மணந்து தங்கிவிட்ட தமிழ் வியாபாரிகளின் சந்ததியாரே அங்கு வாழும் மலாக்காச் செட்டிகள். 1512 முதல் இங்கே சில ஆண்டு தங்கிய தொமே பிரேஸ் என்னும் போர்த்துக்கீசியர், துறைமுகத்தில் 84 பாஷைகள் பேசப்பட்டதாக எழுதினாரே, அந்தக் கூட்டத்தில் இவர்களுடைய மூதாதையரும் இருந்தார்கள். பாஷை போய்விட்டது, பக்தி போகவில்லை. பேச்சு மலாய், உடை சாரோங் கெபாயா, பெயர் பிள்ளை, நாய்க்கர், படையாச்சி. பொங்கலுக்கு முதல்நாள் வாழையிலை விரித்து முன்னோருக்குப் படைக்கிறார்கள். அதற்குப் பார்ச்சு என்று பெயர். 1822ல் கட்டிய முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவைத் ‘தாத்தோ சாச்சார்’ என்கிறார்கள். சாச்சார் என்றால் மலாய் மொழியில் அம்மை நோய்.

ஒரு வீட்டு வாசலில் திருநீறு பூசிய மூதாட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பையன் கும்பிட்டு, “நல்லா இருக்கீங்களா, பாட்டி?” என்றான். அவர் சிரித்து, தமக்குத் தமிழ் தெரியாது என்று மலாயில் சொல்லிவிட்டு, உள்ளே போய் ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து நீட்டினார். வாயிலிட்டால் அரிசிமாவும் தேங்காயும் அதே கூலா மலாக்காவும். பையன் என்னைப் பார்த்தான். நான் அவருக்கு மலாயில் நன்றி சொன்னேன்.

திரும்புகையில், “சரயேவோ எப்படி?” என்று கேட்டேன். “அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு, மாமா,” என்றான்.

பஸ் நிலையத்தில் அவனை ஏற்றிவிட்டு வந்த நாள்முதலாக என் தெருவில் பலரைக் கேட்டுப் பார்த்துவிட்டேன். பொய்யாத விநாயகர் கோயிலுக்குள் போனவர்கள் உண்டு, இரண்டு வாசல் தள்ளியுள்ள பள்ளிவாசலைக் கவனித்தவர்கள் சிலரே, கம்போங் செட்டிக்குப் போனவர் ஒருவர்கூட இல்லை. ஆகவே அன்பர்களே, அடுத்த பள்ளி விடுமுறையில் துணி எடுக்க டவுனுக்குப் போகும்போது, காடியைத் தட்டார் தெரு முனையில் நிறுத்திவிட்டு, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த ஐந்து நிமிஷ தூரத்தை நடந்து காட்டுங்கள். வெள்ளிக்கிழமை நடுப்பகலாக இருந்தால் தொழுகை முடிகிறவரை பள்ளிவாசலுக்கு வெளியே காத்திருங்கள்.