சுருக்கம் தரும் செயலியா, கேள்வி கேட்கும் செயலியா?

கல்லூரி மாணவர்களுக்கு ஏஐ படிப்புச் செயலி செய்யணும்னா எல்லாருக்கும் முதல்ல தோணுறது, பாடத்தைப் போட்டா சுருக்கம் வரணும். எனக்கும் அப்படித்தான். செய்யறதும் சுலபம். ஆனா சுருக்கத்தைப் படிக்கிறப்போ எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கும். பரீட்சை ஹால்ல வராது.

ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்க. மாணவர்கள் ஒரு பாடத்தை இரண்டு தடவை படிச்சாங்க. இன்னொன்றை ஒரு தடவை படிச்சுட்டு, பார்க்காம எழுதிப் பார்த்தாங்க. ஐந்து நிமிஷம் கழிச்சுக் கேட்டா, இரண்டு தடவை படிச்ச பாடம் 81 சதவீதம் நினைவிருந்தது. எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழிச்சு தலைகீழ்: 42, 56.

அதனால செயலி பாடத்தைச் சின்னச் சின்னத் துண்டாப் பிரிச்சு, முதல்ல கேள்விதான் கேட்கணும். மாணவர் எழுதின பிறகே விடை. அதுவும் பக்க எண்ணோட. ஏஐ இல்லாததைச் சொன்னா அங்கேயே பிடிச்சிடலாம். தப்பான கேள்வி மறுநாளே திரும்ப வரணும், சரியானது சில நாள் கழிச்சு.

டெமோ காட்டும்போது சுருக்கம் தர்ற செயலிதான் அசத்தும். டெமோ ஐந்து நிமிஷம்தான். பரீட்சை அதுக்கு அப்புறம் வருதே!