மலைத்தடம் வெட்டக் கடன் உண்டு, மழைக்குப் பிறகு யார் பொறுப்பு?

உலகத் தரத்தில் சுற்றுலா மையங்களை உருவாக்குவதற்காக ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு அறிவித்த வட்டியில்லாக் கடனை விடுவிக்க வைக்கப்பட்ட காலக்கெடு 2026 மார்ச் 31. இந்தத் தேதியை ஒட்டி மைசூரு விஜயநகர் வாசகர்கள் எழுதிய கடிதங்களில் மூன்று திட்டங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன. சாமுண்டி மலையில் மலைச் சைக்கிள் தடம் போட அந்தப் பணத்தைக் கேட்கலாமா, ஹுன்சூர் சாலை வழியே குடகு வரை அதை நீட்டலாமா, போட்டால் ஊருக்கு நாலு காசு வருமா என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விகள். ஆனால் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைவிட, அந்தப் பணத்தால் எதைச் செய்ய முடியாது என்பதுதான் இதில் முக்கியம்.

முதலில் குழப்பத்தைத் தீர்ப்போம். 2024 நவம்பரில் அறிவிக்கப்பட்ட கடன் 23 மாநிலங்களில் 40 திட்டங்களுக்கானது. மொத்தம் 3,295.76 கோடி ரூபாய், ஒரு திட்டத்துக்கு உச்சவரம்பு 100 கோடி. கர்நாடகத்துக்குக் கிடைத்தவை இரண்டு: பெங்களூரு தாத்தகுணியில் உள்ள ரோரிக்–தேவிகா ராணி எஸ்டேட், சவதத்தி எல்லம்மன் குன்று. தமிழ்நாட்டுக்கும் இரண்டு: மாமல்லபுரம் நந்தவனப் பூங்கா, நீலகிரி தேவாலா மலர்த்தோட்டம். மைசூரு இந்தப் பட்டியலில் இல்லை. மைசூருவின் பெயர் இருப்பது ஒன்றிய அரசின் இன்னொரு சுற்றுலாத் திட்டமான சுவதேஷ் தர்ஷன் 2.0 பட்டியலில், ஹம்பியோடு சேர்ந்து. டாங்கா என்ற குதிரை வண்டிச் சவாரியும் ‘சூழல் அனுபவ மண்டலம்’ ஒன்றும் அதில் அனுமதிக்கப்பட்டவை. சாமுண்டி மலைக் கோயில் சுற்றுப்புறப் பணிகள் மூன்றாவதான, யாத்திரைத் தலங்களுக்கான பிரசாத் திட்டத்தில் நடக்கின்றன. இந்த மூன்றிலும் மலைச் சைக்கிள் தடம் என்ற பெயரில் எதுவும் இல்லை. ‘சூழல்’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு அதற்குள் தடமும் அடங்கும் என்று யாராவது மேடையில் சொன்னால், திட்ட அறிக்கையின் எந்தப் பக்கத்தில் அது இருக்கிறது என்று கேளுங்கள்.

கடனா, மானியமா?

எழுத்தில் கடன், கணக்கில் ஏறக்குறைய மானியம். இந்தச் சிறப்பு உதவித் திட்டம் 2020-ல் தொடங்கியபோதே 50 ஆண்டு, வட்டி கிடையாது, முதலைக் கடைசியில் ஒரே தவணையாகக் கட்டலாம் என்று அறிவித்தார்கள். ஆண்டுக்கு 6 சதவீத விலையேற்றம் என்று வைத்துக்கொண்டால், 50 ஆண்டு கழித்துத் திருப்பித் தரும் 100 கோடி இன்றைய மதிப்பில் சுமார் ஐந்தரைக் கோடிதான். மாநில அரசுகள் இதற்குப் போட்டி போடுவதில் வியப்பில்லை.

சாமர்த்தியமான ஏற்பாடுதான். ஆனால் அதோடு ஒட்டிக்கொண்டு ஒரு நிபந்தனை வருகிறது: இது மூலதனச் செலவுக்கான பணம். சொத்தை உருவாக்கலாம், உருவாக்கிய சொத்தைப் பராமரிக்க இதில் ஒரு ரூபாய்கூட எடுக்க முடியாது. பராமரிப்பு வருவாய்ச் செலவு, அது மாநிலத்தின் பொறுப்பு. சுவதேஷ் தர்ஷனிலும் இதே விதிதான். கல் மண்டபத்துக்கும் வாகன நிறுத்துமிடத்துக்கும் இந்த விதி பெரிய கேடு செய்யாது. பத்து வருடம் கவனிக்காமல் விட்டாலும் அவை நிற்கும். மண் தடம் நிற்காது.

மலைச் சைக்கிள் தடத்தில் சக்கரம் செய்யும் சேதத்தைவிடத் தண்ணீர் செய்யும் சேதம்தான் அதிகம். சரிவில் நேராக இறங்கும் தடம் முதல் மழையிலேயே ஓடையாகிவிடும். அதனால்தான் தடம் அமைப்பவர்கள் உலகெங்கும் ‘பாதி விதி’ ஒன்றைக் கடைப்பிடிக்கிறார்கள். தடத்தின் ஏற்றம், அது குறுக்கே செல்லும் மலைச்சரிவின் ஏற்றத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வெளி விளிம்பு சற்றே தாழ்ந்திருந்தால் தண்ணீர் தடத்தோடு ஓடாமல் குறுக்கே வழிந்து போகும். அங்கங்கே தடம் சிறிது ஏறி இறங்க வேண்டும், அந்தப் பள்ளங்களில் தண்ணீர் வெளியேறும். இவ்வளவும் சரியாகச் செய்தாலும் ஒவ்வொரு மழைக்காலத்துக்குப் பிறகும் மண்வெட்டியோடு யாராவது போய், சேர்ந்த வண்டலை வழித்து, தாழ்ந்த விளிம்பை மீட்டெடுக்க வேண்டும். சாமுண்டி மலை எவ்வளவு இளகியது என்று நமக்குத் தெரியும். 2021 அக்டோபர் மழையில் நந்தி சிலைக்குப் போகும் தார்ச்சாலையே சரிந்தது. தார் போட்ட, தாங்குசுவர் வைத்த சாலையின் கதை அது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 கோடியில் தடம் வெட்டுகிறோம், ஆண்டுக்கு அதில் 5 சதவீதம் பராமரிப்புக்கு வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 25 லட்சம். கடன் முடியும் 50 ஆண்டில், விலையேற்றத்தைச் சேர்க்காமலேயே, பன்னிரண்டரைக் கோடி. வட்டியில்லாக் கடனின் உண்மையான வட்டி இதுதான். இதை யார் கட்டுவது என்று எழுதாத திட்ட அறிக்கை முழுமையான அறிக்கை ஆகாது.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. மைசூருவில் மழை மே மாதத்திலேயே தொடங்கிவிடும், அக்டோபரில் மீண்டும் வலுக்கும். நிதியாண்டோ மார்ச்சில் முடிகிறது. மண் தடம் ஆண்டிலேயே மிக அழகாக, காய்ந்து, கெட்டியாக இருக்கும் மாதம் மார்ச். முடிந்த வேலையை அளவுப் புத்தகத்தில் எழுதி, பில் பாஸாகி, ஒப்பந்ததாரர் கிளம்பிய பிறகுதான் அந்தத் தடத்தின் உண்மையான தேர்வு தொடங்குகிறது. ஒரு முழு மழைக்காலத்தைத் தாண்டிய பிறகே இறுதித் தொகை என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் போதும், வேலையின் தரமே மாறிவிடும். ஆனால் தேதிக்குள் செலவழிக்க வேண்டிய பணத்தில் அந்த வரியை எழுத யாருக்கும் துணிவு வராது.

அளவுப் புத்தகம் இன்னொரு வேலையும் செய்கிறது. கான்கிரீட்டுக்கும் பேவர் கல்லுக்கும் அரசு விலைப்பட்டியல் உண்டு. சரிவின் வளைவைப் பார்த்துக் கையால் வெட்டும் ஒற்றையடித் தடத்தை அதில் பொருத்துவது கடினம். ஆகவே பணம் தானாகவே நுழைவாயில், டிக்கெட் கவுண்டர், உணவகம், செல்ஃபி மேடை என்று நழுவும். கடைசியில் தடத்தைச் சுற்றி எல்லாம் இருக்கும், தடம் மட்டும் கல் பதித்த நடைபாதையாக மாறியிருக்கும். மலைச் சைக்கிள்காரர் அதற்காக வெளியூரிலிருந்து வரமாட்டார்.

வேறு எங்கும் இதைச் சரியாகச் செய்திருக்கிறார்களா?

அமெரிக்காவில் 1991 முதல் ஒரு தடத் திட்டம் இருக்கிறது. சாலைக்கு வெளியே ஓடும் பொழுதுபோக்கு வண்டிகள் நிரப்பும் எரிபொருளுக்கும் வரி கட்டப்படுகிறது அல்லவா, அந்த வரியின் ஒரு பங்கைத் தடங்களுக்கே திருப்பிவிடுகிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 8.4 கோடி டாலர். குறைந்தது 30 சதவீதம் மோட்டார் இல்லாத தடங்களுக்கு, 30 சதவீதம் மோட்டார் தடங்களுக்கு, மீதி 40 சதவீதம் இருவரும் பகிரும் பலவகைப் பயன்பாட்டுக்கு. பராமரிப்பு அதில் அனுமதிக்கப்பட்ட செலவுகளில் ஒன்று. உள்ளூர் தன் பங்காகப் போட வேண்டிய 20 சதவீதத்தைப் பணமாகத்தான் தர வேண்டும் என்பதும் இல்லை, தன்னார்வலர்கள் உழைத்த மணிநேரத்தை விலை மதித்துக் கணக்கில் காட்டலாம். ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டி பிடித்தவரின் வியர்வை அரசாங்கப் பேரேட்டில் டாலராக ஏறுகிறது. தடத்தைப் பயன்படுத்துபவரே அதைக் காப்பவராகவும் ஆகிவிடுவதுதான் இதன் பலன். நம் விதிகளில் இப்படி ஒரு பத்தி இருந்தால், வார இறுதியில் சாமுண்டி மலை ஏறும் சைக்கிள் குழுக்களே பாதிப் பராமரிப்பைப் பார்த்துக்கொள்ளும் என்று நான் நம்புகிறேன்.

நியூசிலாந்து 2009-ல் 5 கோடி நியூசிலாந்து டாலரில் சைக்கிள் தடங்களைத் தொடங்கியது. அங்கே பல தடங்கள் உள்ளூர் அறக்கட்டளைகளின் கையில், பராமரிப்புக்குத் தனி நிதி. டாஸ்மேனியாவின் டெர்பி வெள்ளீயச் சுரங்கம் மூடி ஓய்ந்த சிற்றூர். 2015-ல் அங்கே தடம் திறந்தது, 2017-லும் 2019-லும் உலகப் போட்டிகள் நடந்தன. டெர்பியைக் காட்டி நம் ஊரிலும் சுற்றுலா எண்ணிக்கைகள் சொல்லப்படும். அவற்றை அப்படியே ஏற்க வேண்டாம். தடத்தை நடத்துபவர் சொல்லும் எண்ணிக்கையும் கடைக்காரர் கல்லாவில் விழுந்த பணமும் ஒன்றல்ல.

நமக்குப் பக்கத்திலும் உதாரணம் உண்டு. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் சாம்பியன்ஷிப் திருவனந்தபுரம் மாவட்டம் பொன்முடியில் நடந்தது. வயநாடு மானந்தவாடியின் தேயிலைத் தோட்டத்தில் கேரள சாகசச் சுற்றுலாச் சங்கம் போட்டி நடத்தியிருக்கிறது. காப்புக்காட்டைத் தொடாமல் தோட்ட நிலத்தில் தடம் போடும் இந்த வழி குடகின் காபி எஸ்டேட்டுகளுக்கும் பொருந்தும். விஜயநகரிலிருந்து பார்த்தால் சாமுண்டி மலையைவிட அதுவே நடக்கக்கூடிய யோசனை.

சாமுண்டி மலையில் சட்டம் அனுமதிக்குமா?

அது காப்புக்காடு. 2023-ல் திருத்திய வனப் பாதுகாப்புச் சட்டப்படி, வனத்துறையின் செயல்திட்டத்தில் சேர்க்கப்பட்ட சூழல் சுற்றுலா வசதி ‘வனம் சாராத பயன்பாடு’ ஆகாது. அதாவது, காட்டுக்குள் எது சுற்றுலா, எது ஆக்கிரமிப்பு என்பதைத் துறையின் ஒரு ஆவணமே முடிவு செய்துவிடலாம். இந்தத் திருத்தம் உச்ச நீதிமன்றத்தில் வழக்காக இருக்கிறது. 2024 பிப்ரவரியில் இடைக்கால உத்தரவும் வந்தது. சட்டத்தில் வாசல் திறந்திருப்பது மலைக்கு நல்லது என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே கட்டடங்களால் திணறும் மலை அது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

மைசூருவின் ட்ரின் ட்ரின் சைக்கிளில் மலைத்தடம் போகலாமா? கூடாது, 2017-ல் வந்த அந்த வாடகைச் சைக்கிள் நகரச் சாலைக்கானது.

டூர் ஆஃப் நீல்கிரிஸ்? 2008 முதல் நடக்கும் சாலைச் சவாரி, மண் தடம் அல்ல.

தமிழ்நாட்டின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ மாதிரி உதவுமா? 2024 அக்டோபரில் 40 நடைவழிகளோடு தொடங்கியது, உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டிகள். அந்த வேலைவாய்ப்புப் பகுதியை நிச்சயம் எடுத்துக்கொள்ளலாம்.

நுழைவுக் கட்டணத்தில் பராமரிப்புச் செலவு தேறுமா? தடத்துக்கென்று தனிக் கணக்கு வைத்தால் ஓரளவு. மாநிலப் பொதுக் கணக்கில் போனால் தேறாது.

வாசகர் என்ன செய்யலாம்? தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு சுற்றுலாத் துறைக்கு மனுப் போட்டு, மைசூருவின் ‘சூழல் அனுபவ மண்டலம்’ திட்ட அறிக்கையில் பராமரிப்பு பற்றிய பகுதியின் நகலைக் கேளுங்கள். எந்த ஆண்டு வரை, எந்தத் துறையின் எந்தக் கணக்குத் தலைப்பிலிருந்து பணம் வரும் என்பதைத் தனிக் கேள்வியாக எழுதுங்கள்.