மூலத்துக்குக் களிம்பு மட்டும் போதுமா?

விலைவாசி, வரி, வராத பாக்கி என்று எல்லாவற்றையும் சங்கக் கூட்டத்தில் மனம் விட்டுப் பேசுகிறோம். மூல நோயைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. காலையில் கல்லாவில் உட்கார்ந்தால் இரவு கடை கட்டும்போது எழுந்திருக்கும் நமக்கும், நம் குன்னத்தூர், திருப்பூர் வட்டாரத்தில் பனியன் கம்பெனித் தையல் மெஷின் முன் நாள் முழுதும் இருப்பவர்களுக்கும் பழகிய வியாதி இது. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

ஆசனவாயிலும் அதன் உட்புறத்திலும் உள்ள இரத்தக் குழாய்கள் வீங்குவதே மூலம். மலச்சிக்கலும், முக்கி முக்கிப் போவதும் முக்கிய காரணங்கள். கடையில் ஆள் இல்லையே என்று அவசரத்தை அடக்குவதும், தண்ணீருக்குப் பதில் டீயாகக் குடிப்பதும் மலச்சிக்கலை வளர்க்கும்.

மூலம் என்றதும் நாம் தேடுவது களிம்பைத்தான். ஹேடென்ஸா விளம்பரத்தைப் பழைய பத்திரிகைகளில் பார்த்தவர்கள் நம்மில் பலர் உண்டு. இப்போது பல வகைக் களிம்புகள் வருகின்றன. லிக்னோகைன் கலந்தவை வலியை மரக்கச் செய்யும். துத்தநாக ஆக்ஸைடு தோலுக்குக் காப்பாக நிற்கும். ஸ்டீராய்டு கலந்தவை வீக்கத்தையும் அரிப்பையும் குறைக்கும். சிலவற்றில் இரத்தக் குழாயைச் சுருக்கும் ஃபினைலெப்ரின் இருக்கும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே அதை வாங்க வேண்டும்.

வெதுவெதுப்பான நீரில் பத்து, பதினைந்து நிமிடம் உட்கார்ந்து, மெதுவாக ஒற்றித் துடைத்து, விரல் நுனியளவு பூசினால் போதும். ஸ்டீராய்டு களிம்பை மருத்துவர் சொல்லாமல் ஒரு வாரத்துக்கு மேல் பூசக் கூடாது, தோல் மெலிந்துவிடும். 2018 மார்ச்சில் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு மேல்பூச்சு மருந்துகளை, மருத்துவர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது. வாடிக்கையாளர் கேட்கிறார் என்று மளிகைக் கடையில் இவற்றை வாங்கி வைக்க வேண்டாம்.

களிம்பு வேதனையைத் தணிக்குமே தவிர, மலச்சிக்கலைத் தீர்க்காது. அதற்கான சரக்கு நம் கடையிலேயே இருக்கிறது. கம்பு, கேழ்வரகு, கொள்ளு, தட்டைப்பயறு எல்லாம் நார்ச்சத்து உள்ளவை. குஜராத்தின் உஞ்சா சந்தையில் பெருமளவு வியாபாரமாகும் இசப்கோல் உமியும் நல்லது. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் கலந்து உடனே குடிக்க வேண்டும். தண்ணீர் குறைந்தால் தொண்டையிலோ குடலிலோ அடைத்துக்கொள்ளும். விற்கும்போது இதையும் சொல்லிக் கொடுங்கள்.

மிக முக்கியமான விஷயம், இரத்தம். எங்களுக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர், இரத்தம் போவதை மூலம் என்று தாமே முடிவு செய்து, வீட்டாருக்கும் சொல்லாமல் இரண்டு வருடம் களிம்பு பூசினார். எடை குறைந்து சோர்ந்த பிறகே மருத்துவரிடம் போனார். அது மலக்குடல் புற்றுநோய். இரத்தம் போனால் எல்லாம் புற்றுநோய் என்று பயப்பட வேண்டாம். பெரும்பாலும் மூலமோ வெடிப்போதான். ஆனால் எது என்று சோதித்துப் பார்த்துச் சொல்ல மருத்துவரால்தான் முடியும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள், மலம் கழிக்கும் வழக்கம் மாறியவர்கள், எடை குறைந்தவர்கள் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

பெருந்துறையிலும் திருப்பூரிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. மூலம் என்றாலே கத்தி வைப்பார்கள் என்பதும் இல்லை. ஆரம்ப நிலையில் உணவும் மருந்தும் போதும். அடுத்த நிலையில் பெரும்பாலும் ரப்பர் வளையம் போட்டு அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'ஒரே ஊசியில் குணம்' என்று ஒட்டியிருப்பதை நம்பி, படிக்காதவர்களிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

கடைக்கு அரை நாள் லீவு விட்டால் வியாபாரம் கெட்டுவிடாது. நம் கடைப் பையன்களுக்கும் இந்த வியாதி உண்டு. முதலாளியிடம் சொல்லக் கூச்சப்படுவார்கள். நாம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டு அனுப்பி வைக்க வேண்டும்.