இமேஜுடன் செய்முறையும் வேண்டும்

ஓர் அரசுத் துறையோ பல்கலைக்கழகமோ ஆயிரம் கணினிகளை வாங்கினால், ஒவ்வொன்றிலும் இயங்குதளத்தைத் தனித்தனியே நிறுவிக்கொண்டிருப்பதில்லை. தேவையான மென்பொருள்கள், எழுத்துருக்கள், பாதுகாப்பு ஏற்பாடுகள் யாவும் அடங்கிய ஒரே கோப்பை உருவாக்கி, அதையே எல்லாவற்றிலும் நகலெடுக்கிறார்கள். 'இமேஜ்' எனப்படும் அந்தக் கோப்பு எப்படி உருவானது என்பதை அறிந்துகொள்ள, வாங்குபவருக்கு வழி இருக்கிறதா?

இமேஜை இரு வகையாக உருவாக்கலாம். ஒரு கணினியில் எல்லாவற்றையும் கைப்பட நிறுவி, அதன் வன்தட்டை அப்படியே நகலெடுப்பது ஒன்று. எதை எந்த வரிசையில் செய்தார் என்பது செய்தவரின் நினைவில் மட்டுமே இருக்கும். அவர் பணி மாறினால் அதுவும் மறைந்துவிடும். செய்ய வேண்டிய கட்டளைகளை எல்லாம் வரிசையாக ஓர் உரைக்கோப்பில் எழுதி, கணினியையே செய்யவைப்பது மற்றொன்று. அந்த உரைக்கோப்புதான் ஷெல் ஸ்கிரிப்ட். 1979-இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்புடன் வெளிவந்த போர்ன் ஷெல்லின் இலக்கணமே இன்றைய ஸ்கிரிப்டுகளுக்கும் அடித்தளம்.

டெபியன் லினக்ஸில் இதற்கென்றே 'லைவ்-பில்ட்' என்ற கருவி உள்ளது. எந்தெந்த மென்பொருள்கள் வேண்டும் என்ற பட்டியலையும், கூடுதல் மாற்றங்களுக்கான சிறு ஸ்கிரிப்டுகளையும் கொடுத்தால், இமேஜை அதுவே உருவாக்கித் தரும்.

இத்தகைய ஸ்கிரிப்டுகளில் இரண்டு கவனங்கள் தேவை. முதலாவது, ஒரு கட்டளை தோல்வியுற்றாலும் ஷெல் இயல்பாக அடுத்த கட்டளைக்குச் சென்றுவிடும். பிழை நேர்ந்தால் நின்றுவிடு என்ற ஆணையைத் தொடக்கத்திலேயே எழுதாவிட்டால், பாதுகாப்பு ஏற்பாடு விடுபட்ட இமேஜும் முழுமையானதுபோலவே வெளிவரும். இரண்டாவது, மென்பொருள்களின் பதிப்புகளையும் கோப்புகளில் பதியும் நேரத்தையும் நிலைப்படுத்த வேண்டும். அப்போதுதான் அதே செய்முறையை வேறொருவர் இயக்கினாலும், ஒரு பிட் கூட மாறாத அதே இமேஜ் கிடைக்கும். இது ஏட்டளவிலான கனவு அன்று. பயனரின் அடையாளத்தைக் காக்கும் 'டெயில்ஸ்' இயங்குதளம், 2017 நவம்பரில் வெளியிட்ட 3.3 பதிப்பிலேயே இதைச் சாதித்தது.

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தையின் தரம் தாழும் என்பதை, பழைய கார்களை எடுத்துக்காட்டி 1970-இல் விளக்கினார் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கெர்லாஃப். இமேஜ் வாங்குவதும் அத்தகைய வணிகமே. கார் பழுதானால் ஓட்டுபவருக்கு ஒருநாள் தெரிந்துவிடும். இமேஜில் ஒளிந்திருக்கும் கேடு தெரியாமலேயே போகலாம்.

இந்த அச்சம் மிகையன்று. 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கக் கருவியில் யாரோ திட்டமிட்டுப் புகுத்திய பின்கதவு 2024 மார்ச்சில் அம்பலமானது. அதை இயக்கத்துக்குக் கொண்டுவரும் கட்டளைகள் பொதுப்பார்வையில் இருந்த மூலநிரலில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பின் உருவாக்க ஸ்கிரிப்டில்தான் இருந்தன. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைகையில் அரை நொடி தாமதமாவதைக் கவனித்து, ஆந்த்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர் அதைக் கண்டுபிடித்தார். செய்முறை வெளிப்படையாக இருந்தால் மட்டும் போதாது. கைக்கு வந்த பொருள் அந்தச் செய்முறையிலிருந்தே வந்தது என்பதும் நிறுவப்பட வேண்டும்.

நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'பாஸ்' லினக்ஸை உருவாக்கியுள்ளது. கட்டற்ற மென்பொருளைக் கையாளும் திறன் நமக்குப் புதிதன்று. எனவே பொதுப்பணத்தில் இமேஜ் பெறும் ஒப்பந்தங்களில் மூன்று நிபந்தனைகள் இடம்பெற வேண்டும்: உருவாக்க ஸ்கிரிப்டுகள் முழுமையாக ஒப்படைக்கப்பட வேண்டும், கடவுச்சொற்கள் அவற்றில் எழுதப்படாமல் தனியே காக்கப்பட வேண்டும், சார்பற்ற ஓர் அமைப்பு அவற்றை மீண்டும் இயக்கி, கிடைத்த இமேஜை ஒப்பிட்டுச் சான்றளிக்க வேண்டும்.

சிறிய அலுவலகங்களுக்கு இது இயலுமா என்று கேட்கலாம். ஒவ்வொருவரும் சோதிக்கத் தேவையில்லை. ஓர் இமேஜை ஒருவர் நேர்மையாகச் சோதித்து முடிவை வெளியிட்டால், அதைப் பயன்படுத்தும் அனைவருக்கும் அதன் பயன் கிட்டும். தெருவிளக்கைப் போல அதுவும் ஒரு பொதுப்பண்டம். அதற்கான செலவை அரசே ஏற்பதுதான் முறை.