இறக்கிய கோப்பு அசல்தானா?

2016 பிப்ரவரி 20 அன்று லினக்ஸ் மின்ட் இயங்குதளத்தின் இணையதளத்துக்குள் யாரோ புகுந்து, பதிவிறக்கச் சுட்டியை மாற்றிவிட்டார்கள். 17.3 சினமன் பதிப்பை அன்று இறக்கியவர்களுக்கு பல்கேரியாவில் இருந்த ஒரு சர்வரிலிருந்து வேறு கோப்பு வந்தது. பார்வைக்கு அதே மின்ட்தான். உள்ளே 'சுனாமி' என்ற பின்கதவு நிரல். திட்டத்தின் தலைவர் கிளெமென்ட் லெஃபெவ்ர் செய்தியை அறிவித்தபோது, அசல் கோப்புகளுக்குரிய செக்சம் மதிப்புகளையும் சேர்த்து வெளியிட்டார். உங்கள் கோப்பின் மதிப்பு இதோடு ஒத்துப்போகாவிட்டால் தூக்கி எறியுங்கள் என்பதே பயனர்களுக்கான அறிவுரை.

கோப்பின் எல்லா பிட்களையும் ஒரு கணித விதிக்குள் செலுத்திப் பெறும் மதிப்பே செக்சம். இன்று பரவலாக உள்ள எஸ்.எச்.ஏ-256 முறையில் இந்த மதிப்பு 64 எழுத்து நீளம். இரண்டு வரிக் கடிதமோ, இரண்டு ஜிபி சினிமாவோ, எதைக் கொடுத்தாலும் 64தான். கோப்பின் பெயரை மாற்றினால் எதுவும் ஆகாது. உள்ளே ஒரே ஒரு பிட் மாறினால் போதும், மதிப்பு முழுக்கக் கலைந்து வேறாகிவிடும்.

பதிவிறக்கம் பாதியில் அறுந்ததா, பென் டிரைவ் பழுதானதா என்று பார்க்க எளிய விதிகளே போதும். ஜிப் கோப்புகளுக்குள் இருக்கும் சி.ஆர்.சி-32 அப்படிப்பட்டது. வேண்டுமென்றே ஏமாற்ற வருகிறவரிடம் அது செல்லாது. சற்று வலுவானதாகக் கருதப்பட்ட எம்.டி.5 விதியிலும், ஒரே மதிப்பைத் தரும் இரு வேறு தரவுகளை உருவாக்க முடியும் என்று 2004இல் சீனக் கணிதவியலாளர் வாங் சியாவ்யுன் குழு காட்டியது. 2017இல் எஸ்.எச்.ஏ-1க்கும் அதே கதி: ஆம்ஸ்டர்டாமின் சி.டபிள்யூ.ஐ. ஆய்வு நிறுவனமும் கூகுளும் ஒரே மதிப்புள்ள இரண்டு பி.டி.எஃப். கோப்புகளை வெளியிட்டன.

ஆனால் மின்ட் விவகாரத்தில் உண்மையான ஓட்டை கணிதத்தில் இல்லை. தளத்துக்குள் புகுந்து சுட்டியை மாற்றத் தெரிந்தவருக்கு, பக்கத்திலேயே எழுதியிருக்கும் செக்சத்தை மாற்றுவது பெரிய வேலையா? கோப்பும் அதன் செக்சமும் ஒரே இடத்தில் இருந்தால் தற்செயலான பழுதைத்தான் பிடிக்கலாம், திருடனைப் பிடிக்க முடியாது. அதனால்தான் டெபியன் போன்ற திட்டங்கள் செக்சம் பட்டியலுக்கே டிஜிட்டல் கையொப்பம் இடுகின்றன. அந்தக் கையொப்பத்தைச் சோதிக்கும் பொதுத் திறவியையும் அதே பக்கத்திலிருந்து எடுத்தால் பழைய சிக்கல்தான். வேறு வழியில் பெற்று ஒப்பிட வேண்டும்.

விண்டோஸில் கோப்பின் செக்சத்தைக் கணக்கிட எதையும் புதிதாக நிறுவ வேண்டியதில்லை. கூடவே வரும் 'சர்ட்யூட்டில்' கருவி எஸ்.எச்.ஏ-256 மதிப்பைக் கணக்கிட்டுத் தரும்.