220 கிலோமீட்டர், ஒரு மணி நேரம்

மணிப்பூரின் இம்பால் விமான நிலையத்திற்கும் மேகாலயத்தின் ஷில்லாங் விமான நிலையத்திற்கும் இடையே நிலப்படத்தில் ஒரு நேர்கோடு வரைந்தால், அதன் நீளம் ஏறத்தாழ 220 கிலோமீட்டர். சமவெளியில் இத்தொலைவை அரை நாளில் கடந்துவிடலாம். இங்கோ, சாலை வழியே சென்றால் பன்னிரண்டு மணி நேரம் ஆகும். ஜிரிபாம், சில்சார், ஜோவாய் என மலைகளைச் சுற்றிச் செல்லும் வழி அது. மழைக்காலத்தில் மண்சரிவு நேர்ந்தால் அந்தக் கணக்கும் பொய்த்துவிடும்.

மத்திய அரசின் உடான் திட்டத்தின் கீழ் 2021 ஜூலையில் இவ்விரு நகரங்களுக்கிடையே நேரடி விமானச் சேவை தொடங்கியபோது, பயண நேரம் சுமார் ஒரு மணி என அறிவிக்கப்பட்டது. ஏ.டி.ஆர். 72 வகை விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகத்தில் செல்லக்கூடியது. அவ்வேகத்தில் 220 கிலோமீட்டரைக் கடக்க அரை மணி நேரம்கூட வேண்டாமே என நாம் கேட்கலாம். விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், உயரம் ஏறுவதும், மலைகளுக்கு நடுவே படிப்படியாக இறங்குவதும் எஞ்சிய நேரத்தை எடுத்துக்கொள்கின்றன. குறுகிய தொலைவில் முழு வேகத்தில் பறக்கும் நேரம் மிகச் சிறிதே.

வீட்டு வாசலிலிருந்து கணக்கிட்டால் இன்னும் நீளும். இம்பால் நகருக்கு விமான நிலையம் அருகிலேயே உள்ளது. ஆனால் ஷில்லாங்கின் விமான நிலையம் அமைந்துள்ள உம்ரோய், நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. முன்கூட்டியே சென்று காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்தால் நான்கைந்து மணி நேரம் ஆகிவிடும். அப்போதும் மிச்சமாவது ஒரு முழுப் பகல். வடகிழக்கு மலைப் பல்கலைக்கழகத்தில் பயிலும் மாணவருக்கும், ஷில்லாங்கின் பெரிய மருத்துவமனைக்கு முதிய பெற்றோரை அழைத்துச் செல்பவருக்கும் அந்தப் பகலின் மதிப்பு நன்கு தெரியும்.

இந்த மிச்சம் நிலைத்திருக்குமா என்பதே நாம் கவலையுடன் எழுப்பும் கேள்வி. உடான் வழித்தடங்களில் இருக்கைகளின் ஒரு பகுதிக்குக் கட்டண வரம்பு உண்டு. 2017-இல் சேவைகள் தொடங்கியபோது ஒரு மணி நேரப் பயணத்திற்கு அது 2,500 ரூபாய். இதனால் நிறுவனத்திற்கு ஏற்படும் இழப்பை ஈடுசெய்ய மூன்றாண்டுகளுக்கு மானியம் வழங்கப்படுகிறது. அதன்பின் வழித்தடம் தன் வருவாயில் இயங்க வேண்டும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2023-ஆம் ஆண்டு அறிக்கையின்படி, ஒதுக்கப்பட்ட 774 வழித்தடங்களில் சலுகைக் காலம் முடிந்த பின்னரும் நீடித்தவை 54 மட்டுமே. உம்ரோயின் ஓடுபாதையோ ஏறத்தாழ 1,800 மீட்டர் நீளமுடையது; சிறிய விமானங்களுக்கே ஏற்றது. இருக்கைகள் குறைவு என்பதால் வருவாயும் குறைவு.

ஆகவே, இத்தகைய தடத்தில் பயணம் திட்டமிடும் வாடிக்கையாளர்கள், விமானம் வாரத்தில் எந்தெந்த நாள்களில் செல்கிறது என்பதை முதலில் உறுதிசெய்துகொள்வது நலம். தேர்வோ மருத்துவருடனான சந்திப்போ இருப்பின், முந்தைய நாளே சென்று சேரலாம். குவஹாத்தி வரை விமானத்திலும், அங்கிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரம் வாடகைக் காரிலும் செல்லும் மாற்றுவழிக்கான தொகையையும் தனியே எடுத்துவைக்க வேண்டும். திரும்பும் பயணத்திற்கும் இதே கணக்குத்தான்.