லயத்துக் கிரவுண்டு – 14: நம்மாளின் எதிராளி

2022 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. அன்று பகல் மொஹாலியில் இலங்கை அணி இந்தியாவுடன் டெஸ்ட் ஆடிக்கொண்டிருந்தது. விராட் கோலிக்கு அது நூறாவது டெஸ்ட். இங்கே மலையகத்தில் மின்வெட்டுக் காலம். டீசலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை. இரவு, சார்ஜ் இருந்த போன்கள் வழியாகத் தோட்டத்துக்குத் தோட்டம் செய்தி வந்து சேர்ந்தது. தாய்லாந்தின் கோ சமுய் தீவில் அவுஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வோர்ன் இறந்துவிட்டார். வயது 52. அன்றைக்குத்தான் முன்னாள் அவுஸ்திரேலிய வீரர் ரொட் மார்ஷ் மறைந்ததற்கு அவர் அனுதாபம் எழுதியிருந்தார்.

மறுநாள் கொழுந்து நிறுக்கிற இடத்திலும் ஹற்றன் பஸ் ஸ்டாண்டிலும் அதே பேச்சு. வருத்தப்பட்டவர்கள் யாரென்று பார்த்தால் சிரிப்பு வரும். ஒரு காலத்தில் அந்த மனுசனை வாய் வலிக்கத் திட்டித் தீர்த்த அதே ஆட்கள்தான்.

திட்டுக்குக் காரணம் இருந்தது. 1995 டிசம்பர் 26, மெல்பேர்ன். அவுஸ்திரேலிய ஆட்டங்கள் நமக்கு விடியற்காலையிலேயே ஆரம்பித்துவிடும். வேலைக்குப் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகுமுன் ரேடியோவைத் திருகிவிட்டுப் போவார்கள். அன்று நடுவர் டெரல் ஹெயார் நம் சுழற்பந்து வீச்சாளர் முரளிதரனின் பந்தை ஏழு தடவை ‘நோ போல்’ என்றார். பிறவியிலேயே முழங்கை நேராக நீளாத கை அது. அதைத்தான் எறிகிற கை என்று உலகத்துக்கு முன்னால் நிறுத்தினார்கள்.

முரளியின் தாத்தா பெரியசாமி சின்னசாமி 1920இல் தமிழ்நாட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்து வேலைக்கு வந்தவர். பிறகு மகள்மாரோடு திருச்சிக்கே திரும்பிப் போனார். மகன்மார் இங்கே தங்கினார்கள். கண்டிப் பக்கம் பிஸ்கட் தொழிற்சாலை, கட்டுகஸ்தோட்டை சென். அன்டனிஸ் கல்லூரி என்று முரளியின் வளர்ப்பு வேறு. லயத்துக் காம்பிராவில் பிறந்தவர் அல்லர். ஆனாலும் அந்த முதல் வரி போதும். பாதிக் குடும்பம் அக்கரைக்குப் போய், பாதி இங்கே நின்ற கதை எந்த லயத்தில் இல்லை? 1948இல் குடியுரிமையை இழந்து, 2003 சட்டம் வரும்வரை ஆயிரக்கணக்கானோர் நாடற்றவர்களாகவே இருந்த சனத்துக்கு, ‘உன் கணக்குச் செல்லாது’ என்று ஒருவர் கை நீட்டிச் சொன்னால் எங்கே சுடும் என்பது தெரியும். ஹெயார் மேல் வந்த கோபம் மொத்த அவுஸ்திரேலியா மேலும் பாய்ந்தது. அந்த அணியில் சுழல் போட்டவர் வோர்ன். நம்மாளுக்கு நேர் எதிராளி.

பழைய காயம் ஒன்றும் கிடந்தது. 1992 ஓகஸ்டில் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் 181 எடுத்தால் வெற்றி. 127க்கு இரண்டே விக்கெட். அங்கிருந்து 164க்குச் சுருண்டோம். கடைசி மூன்று விக்கெட்டையும் ஓர் ஓட்டம்கூடக் கொடுக்காமல் எடுத்தவர், அதுவரை யாரும் பொருட்படுத்தாத அந்த மஞ்சள் முடிக்காரர். 1996 உலகக் கிண்ணத்தில், மத்திய வங்கிக் குண்டுவெடிப்புக்குப் பிறகு கொழும்புக்கு வரமாட்டோம் என்றது அவுஸ்திரேலியா. கடைத்தெருவுக்குப் போகவே பயமாயிருக்கிறது என்ற மாதிரி வோர்ன் பேசப்போக, கடைகடையாய் ஏறி இறங்குவது பயந்தாங்கொள்ளிகளின் வேலை என்று வெளிநாட்டமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கிண்டலடித்தார். லாகூர் இறுதிப் போட்டியில் வோர்ன் பத்து ஓவருக்கு 58 கொடுத்து விக்கெட் இல்லாமல் போனதை இங்கே தீபாவளியாகக் கொண்டாடியவர்கள் உண்டு.

இப்படிப்பட்ட ஆள் எப்படி வேண்டியவரானார்?

என் கணக்கில் அது 2004 மார்ச்சில் தொடங்குகிறது. தடைசெய்யப்பட்ட மாத்திரை விவகாரத்தில் ஒரு வருடம் ஆடாமலிருந்துவிட்டு வந்த வோர்ன், மார்ச் 12ஆம் திகதி காலியில் ஹஷான் திலகரத்னவை வீழ்த்தி 500 விக்கெட் தொட்டார். நான்கே நாள் கழித்து, மார்ச் 16, கண்டி அஸ்கிரியவில் கஸ்ப்ரோவிச்சை வீழ்த்தி முரளியும் 500. மலையகத்தாருக்கு அஸ்கிரியதான் பக்கத்து மைதானம். தலவாக்கலையிலிருந்தும் ஹற்றனிலிருந்தும் பஸ் பிடித்தால் போய்விடலாம். அரைப்பேர், முழுப்பேர் என்று எந்த நாட்கூலியானாலும் விட்டுவிட்டுப் போக ஆள் இருந்தது. முதல் நாள் அவுஸ்திரேலியா 120க்கு ஓல் அவுட். ஆட்டம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வோர்ன் 65க்கு ஐந்து எடுத்து நம்மை 211இல் நிறுத்தினார். பிறகு மார்ட்டினும் கில்கிறிஸ்டும் சதமடித்தார்கள். 352 இலக்கைத் துரத்தி, ஜயசூரிய 131 அடித்து, நான்காம் நாள் முடிவில் 301க்கு ஏழு விக்கெட். மறுநாள் காலை 51 வேண்டும். கிடைக்கவில்லை, 27 ஓட்டங்களால் தோல்வி. இரண்டாவது இன்னிங்ஸிலும் வோர்னுக்கு ஐந்து.

அந்தத் தோல்வியில் ஒரு கல்வி இருந்தது. அந்தத் தொடரின் மூன்று டெஸ்டில் முரளி 28, வோர்ன் 26. ஒரே மண், ஒரே வெயில், ஒருவர் கையிலிருந்து உள்ளே வருகிற பந்து, மற்றவர் கையிலிருந்து வெளியே போகிற பந்து. டிவியில் துண்டு துண்டாகப் பார்த்ததை நேரில் பார்த்தவர்கள், வோர்ன் மோசமான ஆள் என்று சொல்வதை அதற்குப் பிறகு குறைத்துக்கொண்டார்கள். மோசமான ஆளாக இருந்தாலும் பந்து நல்ல பந்து என்றார்கள். விளையாட்டு ரசிகன் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது.

இன்னொன்றும் நடந்தது. பொடியன்கள் முரளியைத் தெய்வமாகக் கும்பிட்டாலும், பந்து கையில் வந்தால் வோர்ன் ஆகிவிட்டார்கள். முரளியின் மணிக்கட்டு முரளிக்கு மட்டும் கிடைத்தது. அதைப் பார்த்துப் பழக முடியாது. வோர்ன் செய்ததையோ, செய்ய முடியாவிட்டாலும் நடிக்க முடியும். தொப்பியைக் கழற்றிக் கொடுப்பது, பந்தை ஒரு கையிலிருந்து மறு கைக்குச் சுண்டிவிடுவது, அவசரமே இல்லாமல் நாலு எட்டு நடப்பது, துடுப்பாட்டக்காரனை முறைப்பது. இதற்கெல்லாம் காசு வேண்டாம், பெரிய மைதானமும் வேண்டாம். ஓடிவந்து வேகப்பந்து போட லயத்துக் கிரவுண்டில் இடமேது? பின்னால் கான், முன்னால் மதில், பக்கத்தில் தேயிலை. அடித்தது தேயிலைக்குள் போனால் அவுட். அந்த அகலத்துக்கு வோர்னின் நடைதான் அளவெடுத்த சட்டை. நிலமும் ஒரு பக்கம் சரிவு. மேட்டுப் பக்கம் பார்த்து டேப் சுற்றிய டெனிஸ் போலைப் போட்டால், திருப்பத் தெரியாதவனுக்கும் அது ஒரு முழம் திரும்பும். 1993இல் இங்கிலாந்தின் மைக் கட்டிங்கை ஏமாற்றிய வோர்னின் அந்தப் பந்து, நம்ம தோட்டங்களில் சனி ஞாயிறென்றால் பத்துத் தடவை விழுந்திருக்கும்.

2004 டிசம்பரில் சுனாமி. நிவாரண வண்டிகளோடு தெற்குக்கும் கிழக்குக்கும் அலைந்த முரளியின் அழைப்பில், சில வாரங்களுக்குள் வோர்ன் காலிக்கு வந்தார். அவர் 500ஆவது விக்கெட் எடுத்த மைதானம் அப்போது சேறும் இடிபாடும். முகாம்களுக்குப் போனார், பிள்ளைகளோடு நின்றார். ஒன்பது வருடத்துக்கு முன் பயந்து வராதவர், பயப்பட வேண்டிய நேரத்தில் வந்தார் என்று இங்கே பேசிக்கொண்டார்கள். மனது மாறியதென்றால் அந்த வாரத்தில்தான்.

இங்கிலாந்துக் கவுண்டிப் பக்கமும் ஒரு வார்த்தை. முரளி லங்காஷயருக்கு ஆடப் போன 1999 முதல்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் பத்திரிகையின் கடைசி மூலையில் கவுண்டி ஸ்கோர் தேடத் தொடங்கினார்கள். வோர்ன் 2000இல் ஹம்ப்ஷயருக்குப் போனார். 2004 முதல் 2007 வரை அங்கே தலைவர். நாட்டுக்கு டெஸ்ட் தலைவராகும் வாய்ப்பே கிடைக்காதவரைத் தலைவனாக்கிப் பார்த்தது அந்தக் கவுண்டி. சவுதாம்ப்டன் மைதானத்தில் அவர் பெயரிலேயே ஒரு பார்வையாளர் மாடம் இருக்கிறது. அந்தத் தலைமையை நாம் கண்ணால் கண்டது 2008 ஐ.பி.எல்லில். இறுதிப் போட்டியில் முரளி சென்னை அணியில். வோர்ன் ராஜஸ்தான் தலைவர். நம்ம பக்கம் சென்னைக்கு ஆதரவு என்பதைச் சொல்லவே வேண்டாம். கடைசிப் பந்தில் ராஜஸ்தான் ஜெயித்தபோது வோர்ன் ஆடுகளத்தில் நின்றார். திட்டினோம்தான். பழைய வேகம் இல்லை.

அவர் இறந்ததும் மெல்பேர்ன் சிலையடியில் பூவோடு பியர், சிகரெட், மீட் பை எல்லாம் வைத்தார்கள். இங்கே அப்படி எதுவும் நடக்கவில்லை. வைக்கப் பொருளும் இல்லாத வருடம் அது. உரத்தடையில் கொழுந்தும் விழுந்துபோயிருந்தது. ஜூனில் அவுஸ்திரேலிய அணி நாட்டின் நிலைமையைப் பாராமல் ஆட வந்தது. கொழும்பில் கடைசி ஒருநாள் போட்டியன்று நம் ரசிகர்கள் மஞ்சள் சட்டை போட்டுப் போய் நன்றி சொன்னார்கள். ஜூன் 29இல் தொடங்கிய காலி டெஸ்டை இலங்கை கிரிக்கெட் வோர்னின் நினைவுக்கு அர்ப்பணித்தது. பெற்றோல் இல்லாததால் மலையிலிருந்து காலிக்குப் போகக் கனவுகூடக் காண முடியாது. போனில்தான் பார்த்தார்கள். நேதன் லயன் ஐந்து விக்கெட் எடுத்தார், மூன்றாம் நாளே தோற்றோம்.

இருவரில் யார் பெரியவர் என்ற தேத்தண்ணிக் கடை வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை. முரளி 133 டெஸ்டில் 800. வோர்ன் 145 டெஸ்டில் 708. பங்களாதேஷுக்கும் சிம்பாப்வேக்கும் எதிராக முரளி எடுத்தது 176, வோர்ன் எடுத்தது வெறும் 17 என்று ஒருவர் எடுத்துக்கொடுப்பார். அவுஸ்திரேலிய அணியை எதிர்த்துப் போட வேண்டிய கஷ்டமே வோர்னுக்கு இருக்கவில்லையே என்று அடுத்தவர் மடக்குவார். அதற்குப் பதில் வருமுன் பஸ் வந்துவிடும். நான் முரளி பக்கம்தான். ஆனால் கடைசி நாள், ஒரு விக்கெட் வேண்டும், பந்தை யாரிடம் கொடுப்பாய் என்று கேட்டால் உடனே பதில் சொல்ல மாட்டேன்.

(தொடரும்)